மொகானெட்ஸிக்கு ஐந்து மில்லி

டிபாலோ ஊரில் மாட்டுக்கு ஊசி என்றால் பெலோனோமிதான். அரசாங்கக் கால்நடை உதவியாளர் வேலை, ஒன்பது வருஷ சர்வீஸ். ஊரில் அவள் கை படாத மாடு கிடையாது, ஒருவருடைய மாடுகளைத் தவிர. அந்த ஒருவர் அவளைப் பெற்ற அப்பா. பெண்பிள்ளை தொழுவத்துக்குள் கால் வைத்தால் மாடு சினை நிற்காது என்பது அவர் கட்சி. அதனால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த அடுத்த ஊரிலிருந்து ஓர் ஆண் உதவியாளரை வரவழைப்பார். அந்தப் பையன் பெலோனோமிக்கு ஜூனியர். அப்பாவின் தொழுவத்தில் நின்றுகொண்டே சந்தேகத்தை அவளிடம் போனில் கேட்பான், அவளும் சொல்லுவாள். வேலை ஒழுங்காகவே நடந்தது.

அந்த அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவர். சனிக்கிழமை விடிகாலையில் அடக்கம் என்று முடிவாயிற்று. பேச்சு நிற்கும் முன்பே அவர் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். தன் சாவுக்கு வெட்ட வேண்டிய எருது மொகானெட்ஸிதான். அது தன் நாலு காலில் நடந்து வீட்டுத் தொழுவத்துக்குள் வரவேண்டும். பிக்கப்பில் கட்டி ஏற்றக்கூடாது, துப்பாக்கியால் சுடக்கூடாது. அந்தக் குடும்பத்தில் ஆண்களுக்கு அப்படித்தான் வழக்கம்.

மொகானெட்ஸி என்றால் எதற்கும் மாட்டேன் என்கிறவன். கன்றாக இருந்தபோதே அப்பா வைத்த பெயர். அவர் மனிதர்களைக் கணித்ததைவிட மாடுகளைச் சரியாகக் கணித்தவர்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆண்கள் கயிறும் குதிரையுமாக மொபானே மரக் காட்டுக்குள் போனார்கள். முதல் நாள் ஒரு குதிரைக்குக் கால் பிசகியது. இரண்டாம் நாள் சித்தப்பாவின் பிக்கப் கதவில் கொம்பு அளவுக்கு ஓட்டை விழுந்தது. மூன்றாம் நாள், ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்திலிருந்து லீவு போட்டு வந்திருந்த பங்காளி ஒருவர் மரத்தில் ஏறி மத்தியானம் வரை அங்கேயே இருந்தார். ஆயிரம் அடி ஆழத்தில் வேலை செய்கிறவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, இறக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

புதன் மாலை ஜெபம் முடிந்து எல்லோரும் டீயும் பொரித்த மாவு உருண்டையுமாக இருந்தபோது சித்தப்பா ராமொகேலே வீட்டின் பின்பக்கம் வந்தார். பெலோனோமி அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா முதலில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். அண்ணன் மகளிடம் உதவி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில், காட்டிலாகாக்காரர்கள் யானையைத் தூங்க வைக்கிறார்களாமே, எருதுக்கு அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

தூங்க வைத்தால் நடக்காது, நடக்க வேண்டுமானால் கிறங்க வைக்கலாம் என்றாள் பெலோனோமி. அரை மில்லி போதும். தலை தொங்கும், கொம்பை மறக்கும், கயிறு போட்டு இழுத்தால் குடிகாரன் மாதிரி பின்னாலேயே வரும்.

"அப்பாவோட மாட்டை நான் தொடலாமா சித்தப்பா?"

"தொழுவத்துக்குள்ளதான ஆகாதுன்னாரு. கிணத்தடி தொழுவம் இல்லையே."

இதைச் சொல்ல அவர் மூன்று நாள் யோசித்திருக்க வேண்டும். பெலோனோமி ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள். இந்த ஊசி போட்டால் நாலு நாளைக்கு அந்த இறைச்சியைத் தின்னக்கூடாது. சித்தப்பா தலையை ஆட்டினார். படித்த பிள்ளைகள் ஏதாவது சொல்வார்கள், தலையை ஆட்டினால் நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் அனுபவம்.

வியாழக்கிழமை காலையில் ஊர்க்கோடி ஆழ்கிணற்றுத் தொட்டிக்கு மொகானெட்ஸி தண்ணீர் குடிக்க வந்தபோது, பெலோனோமி சுவருக்குப் பின்னாலிருந்து நீளக் கம்பின் நுனியில் கட்டிய ஊசியை அதன் பின்தொடையில் ஏற்றினாள். எருது திரும்பிப் பார்த்தது, யாரும் தெரியவில்லை, மறுபடி குடித்தது. கால் மணி நேரத்தில் அதன் காது தொங்கியது. கீழுதடு தொங்கியது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. மூன்று நாள் ஓடி ஓடி மூச்சு வாங்கிய ஆண்கள் கிட்டே போய், கொம்பைத் தொட்டுப் பார்த்து, அதைச் சின்னப் பையன் என்றெல்லாம் கூப்பிட்டார்கள். அரை கிலோமீட்டர் தூரத்தை அது முக்கால் மணி நேரத்தில் நடந்து வந்து, தன் நாலு காலில் வீட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தது. பெலோனோமி வெளியே நின்றுகொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆண்கள் கத்தி தீட்டும்போதுதான் அவள் நாலு நாள் விஷயத்தை மறுபடி சொன்னாள். திங்கட்கிழமைதான் வெட்டலாமா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றாள். கொதிக்க வைத்தால் மருந்து போய்விடாதா என்றார் இன்னொருவர். போகாது. உப்பு போடாமல் சமைத்தால்? உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது.

"தின்னா என்ன ஆகும்? தூக்கம் வரும், அவ்வளவுதான? நாலு நாளா யாரு தூங்கினா இங்க?"

"முன்னூறு பேரு தின்னுட்டுப் பிக்கப் ஓட்டிட்டுப் போவாங்க சித்தப்பா."

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பாவின் சொந்தக் கிடாரி வெட்டப்பட்டது. நல்ல கொழுத்த கிடாரி, பார்த்து வளர்த்தது. மூன்று கால் பானைகளில் அது வெந்துகொண்டிருக்கும்போது சித்தப்பா அந்தப் பக்கமே போகவில்லை. மொகானெட்ஸியைத் திங்கட்கிழமை குடும்பத்தோடு வெட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

இதற்கிடையில் வீட்டுக்குள் வேறொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. சொல்லப்போனால் நடக்காமல் இருந்தது. பெலோனோமியின் அம்மா அழவில்லை.

சாமான்களையெல்லாம் வெளியே எடுத்த அறையில், தரையில் போட்ட மெத்தையில், தோளில் கம்பளியோடு அம்மா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். விதவை அப்படித்தான் உட்கார வேண்டும். சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள். வருகிறவர்கள் அழுதார்கள், அம்மா அவர்களைத் தேற்றினாள், டீ குடித்தார்களா என்று கேட்டாள். இது நல்லதில்லை. முதல் நாள் அதிர்ச்சி என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் அத்தை கோபாமாங் வாயைத் திறந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. சாவு வீட்டில் அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது, அது அவள் உரிமை. எங்கள் தம்பி போனது சிலருக்குச் சௌகரியமாகப் போய்விட்டது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் பதில் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் அறையில் இருந்த பத்துப் பேரும் கேட்டார்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த வாரம் ஊர் முழுக்க, வாழ்நாள் முழுக்க. கண்ணீர் விடாமல் புருஷனைப் புதைத்தவள் என்று ஒரு பெயர் ஒட்டினால் டிபாலோவில் அதைக் கழுவ சோப்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை பிணவறையிலிருந்து பெட்டி வீட்டுக்கு வந்தது. அப்போதும் அம்மா அழவில்லை. பெண்கள் கொஞ்சம் நகர்ந்த நேரத்தில் மகளின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"உங்கிட்ட அழுவுறதுக்கு ஊசி இருக்கா?"

"தூங்குறதுக்குத்தான்மா இருக்கு."

"அது வேணாம். அத்தை அதையும் பேசுவா." அம்மா கம்பளியைச் சரி செய்துகொண்டாள். "நான் என்னடி பண்ண? ரெண்டு வருஷமா கக்கூஸ்ல உக்காந்து அழுது தீத்துட்டேன். இப்ப இவங்க கேக்குறப்ப வர மாட்டேங்குது."

பெலோனோமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதே மாலையில் மருந்து முழுக்கத் தெளிந்து மொகானெட்ஸி விழித்துக்கொண்டது. தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தது, பிடிக்கவில்லை, தொழுவக் கதவை இரண்டாகப் பிளந்தது. எட்டுப் பேர் கயிறு போட்டுத் தடுத்தார்கள். இன்னொரு ஊசி போடு என்றார் சித்தப்பா. போட்டால் நாலு நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றாள் பெலோனோமி. வெட்டுகிற வரைக்கும் அடக்கி வைக்க மருந்து வேண்டும், மருந்து போட்டால் வெட்ட முடியாது. சித்தப்பா இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், இரண்டு தடவை. பிறகு ஒன்றும் சொல்லாமல் கயிறு வாங்கப் போனார்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் ஓடிரிலே. அத்தை கோபாமாங்கின் மகன், ஒரு பண்ணையில் குதிரை பார்த்துக்கொள்பவன். அத்தை மகன் என்ற உரிமையில் பெலோனோமியைப் பார்க்கும்போதெல்லாம், நீ என்னைக் கட்டியிருந்தால் இப்படி மாட்டு வாலைத் தூக்கிப் பார்த்துப் பிழைக்க வேண்டுமா என்று கேட்பான். உன்னைக் கட்டியிருந்தால் வாலைத் தூக்காமலே அதைப் பார்த்திருப்பேன் என்பாள் இவள். கெட்டவன் இல்லை. உதவி செய்ய வேண்டும் என்று நினைப்பவன், அதுதான் தொல்லை.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மொகானெட்ஸி மறுபடி கயிற்றை அறுக்கப் பார்த்தது. பெலோனோமி உள்ளே அம்மாவுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மருந்துப் பெட்டி பிக்கப்பில் இருந்தது, பூட்டவில்லை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது யார் பூட்டுவார்கள் என்று நினைத்தாள், அது அவள் செய்த தவறு. ஓடிரிலே பெட்டியைத் திறந்தான், தெரிந்த லேபிளைப் பார்த்தான். பண்ணையில் முரட்டுக் குதிரைக்கு லாடம் அடிக்கும் முன்பு போடும் அதே மருந்து. அளவும் அவனுக்கு அத்துப்படி. ஐந்து மில்லி எடுத்து எருதின் கழுத்தில் ஏற்றிவிட்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் கை கழுவினான். குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்குதான் மாட்டுக்கு என்பது அவனுக்குத் தெரியாது. குதிரைக்காரர்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை.

முற்றத்துக் கூடாரத்தில் ஜனம் நிறைந்தது. பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அம்மாவைக் கம்பளி மூடி அழைத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார வைத்தார்கள். பெட்டி வெளியே வந்த நேரமும் மருந்து வேலை செய்த நேரமும் ஒன்றாக அமைந்தது. இருபது அடி தள்ளி, தொழுவத்து முள்வேலிக்கு உள்ளே, எல்லோர் கண்ணுக்கும் நேராக, மொகானெட்ஸி முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டது. பிறகு பின்னங்கால். தலையை மண்ணில் வைத்தது. வாயிலிருந்து நீர் கொட்டியது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு முனகல் முனகியது.

கூடாரத்தில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

போதகர் தயாரித்து வந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். மூன்று நாள் ஒருவர் கைக்கும் அகப்படாத பிராணி எஜமானின் பெட்டியைக் கண்டதும் மண்டியிட்டதைப் பாருங்கள் என்றார். வாயில்லா ஜீவன் அழுகிறது, நம் கண்கள் என்ன செய்கின்றன என்று கேட்டார். ஆண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சித்தப்பா குலுங்கினார். அவருக்குக் கிடாரி போன துக்கமும் இருந்தது, இப்போது அதற்கு ஒரு பலன் கிடைத்தது. டிபாலோவில் இப்படி ஒரு சாவு யாருக்கும் அமைந்ததில்லை.

அத்தை கோபாமாங் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி மெதுவாகப் பேசினாள்.

"மாட்டுக்கு இருக்கு. கூடப் படுத்தவளுக்கு இல்ல."

அம்மா கம்பளிக்குள் அசையவில்லை. அவள் கண் காய்ந்தே இருந்தது. பக்கத்திலிருந்த பெண் கொஞ்சம் விலகி உட்கார்ந்ததைப் பெலோனோமி பார்த்தாள்.

அவள் எழுந்து வேலியோரம் போனாள். அரை மில்லிக்கு எருது இப்படி விழாது, அதுவும் போட்டு இரண்டு நாள் கழித்து. ஓடிரிலேயைத் தேடிப் பிடித்து எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். அவன் பெருமையோடு ஐந்து விரலைக் காட்டினான். எருது இப்போது பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அதன் இடது விலா மேலே உப்பத் தொடங்கியிருந்தது. படுத்துவிட்ட மாட்டுக்கு வயிற்றுக் காற்று வெளியே வர வழியில்லை. உப்பி உப்பி மூச்சை அடைக்கும். கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி. இதற்கு மாற்று மருந்து அவள் பெட்டியில் இருந்தது. தெளிய வைக்கும் மருந்து இல்லாமல் கிறங்க வைக்கும் மருந்தை வெளியே எடுத்துப் போவதில்லை என்பது அவள் தொழிலில் முதல் பாடம்.

மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு சித்தப்பாவிடம் போய்க் காதில் சொன்னாள். சவப்பெட்டி வாசலைத் தாண்டும் வரை எருதைத் தொடாதே என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. செத்தால் கூடவே போயிற்று என்று சொல்வார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்றார்.

நன்றாகத்தான் இருக்கும். எஜமானுக்காக உயிரை விட்ட எருது, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண்டாட்டி. இதை நூறு வருஷம் சொல்வார்கள். பெலோனோமி ஊசியோடு கூடாரத்தின் பக்கம் திரும்பினாள்.

"இது அழல. மருந்து. குதிரைக்குப் போடுற அளவைத் தெரியாமப் போட்டாச்சு. எந்த மாட்டுக்குப் போட்டாலும் இப்படித்தான் மண்டி போடும், கண்ணுல வாயில தண்ணி விடும். எங்கப்பாவைப் பாக்காத மாட்டுக்குப் போட்டாலும் இதேதான்."

அவள் முடிக்கவில்லை.

"எங்கம்மா ரெண்டு வருஷம் அவரைப் புரட்டிப் படுக்க வச்சாங்க, ஒரு புண்ணு வரல. இந்த எருது ஒரு நாளு வந்து எட்டிப் பாக்கல."

போதகர் தாளைத் தேடினார். அத்தை மட்டும் அசரவில்லை.

"மருந்து காலுக்குப் போட்டிருப்பீங்கடி. கண்ணீருக்கு யாரு போட்டா?"

பெலோனோமி வேலியைத் தாண்டி அப்பாவின் தொழுவத்துக்குள் கால் வைத்தாள். முதல் தடவை. எருதின் தலைமாட்டில் மண்டியிட்டு, கழுத்து ரத்தக்குழாயை விரலால் அழுத்தி, ஊசியை மெதுவாக ஏற்றினாள். பிறகு எழுந்து வேலிக்கு வெளியே வந்து நின்றாள், ஓடிரிலேயையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. மொகானெட்ஸியின் ஒரு காது நிமிர்ந்தது. இன்னொரு காது நிமிர்ந்தது. எழுந்து நாலு காலையும் அகட்டி நின்று, கடைசி வரிசை வரை கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டது. பெட்டியைப் பார்த்தது. போதகரைப் பார்த்தது. இரண்டிலும் அதற்கு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. தலையைத் தாழ்த்தி முள்வேலியைக் கிழித்துக்கொண்டு வந்து, கூடாரத்தின் மூலைக் கயிற்றைக் கொம்பில் மாட்டி இழுத்து, சித்தப்பாவின் கிடாரி வெந்துகொண்டிருந்த பானைகளில் ஒன்றைக் கவிழ்த்து, பெட்டி தாண்டும் முன் வேறு யாரும் தாண்டக்கூடாத வாசலைத் தாண்டி மொபானே காட்டைப் பார்த்து ஓடியது. கூடாரத்தின் ஒரு பக்கம் சரிந்து சுரங்கத்துப் பங்காளியை மூடியது. அத்தையின் நாற்காலி மல்லாந்தது, அத்தையும் அதிலேயே இருந்தாள். இறைச்சிக் குழம்பு போதகரின் ஷூ வரை வந்து நின்றது.

புழுதி அடங்கியபோது எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். கம்பளி குலுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் தோள், பிறகு முழு உடம்பு. தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுறா, அழுறா என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி பாட்டு எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆறு நாள் பாரம் எல்லோருக்கும் இறங்கியது. விலகி உட்கார்ந்தவள் கிட்டே வந்தாள்.

பெலோனோமி ஓடிப்போய்க் கம்பளிக்குள் தலையை நுழைத்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா துணி முனையை வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, மூச்சு முட்டி, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏப்பம்…" என்றாள், மேலே பேச முடியவில்லை. "போதகர் மூஞ்சியப் பாத்தியா? உங்கப்பாவே ஆறு வருஷமா பிடிக்க முடியாமத்தான்டி அதை விட்டு வச்சிருந்தாரு. வெளிய சொல்ல வெக்கம். அதான் சாவுக்கு வெட்டுங்கன்னு நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டாரு."

பெலோனோமிக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். வெளியே பாட்டு இரண்டாம் அடிக்குப் போயிற்று.

"உங்கத்தை மல்லாந்த அழக," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரு, உள்ள போயி அவருகிட்டச் சொன்னேன்னா…"

நிறுத்திவிட்டாள். கம்பளி இடுக்கு வழியாகப் பெட்டி தெரிந்தது, ஒரு கை தூரத்தில். அம்மா அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். வாய் இன்னும் சிரித்த வாக்கில்தான் இருந்தது.

பெலோனோமி கைகளை இறுக்கிக்கொண்டாள். குலுங்கல் ஒரு நிமிடம் நின்று மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை அம்மா வாயில் துணியை வைத்துக்கொள்ளவில்லை.